சவுரி, புதன்கிழமை

காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை
செவ்வாய்ப்பேட்டைக்குக் கரண்ட் இல்லை.
பாலீஷ் மோட்டார்கள் வாயை மூடிக்கொண்டதில்
தெருவுக்கே காது அடைத்தது போல் இருக்கிறது.
கொலுசுப் பட்டறைக்கு லீவு.
பார்சலைப் பிரித்தேன்.

நூறு கிராம், பதினெட்டு அங்குலம்,
அசல் முடி என்று அட்டையில் போட்டிருக்கிறது.
பட்டறையில் எழுபது டச்சு வெள்ளிக்கும்
அசல் என்றுதான் சீட்டு எழுதுவோம்.
அதனால் ஓர் இழையை உருவித்
தீக்குச்சியில் காட்டினேன்.
உருகி மணியாய்த் திரண்டால் பிளாஸ்டிக்.
இது சுருண்டு பொசுங்கி
விரலில் சாம்பலானது.
சாந்தாமணி சுவரைத் தட்டினாள்:
"அடுப்புல என்னக்கா கருகுது?"
"முடி."
"சோத்துலயா?"

நிறம் பார்க்க மாடிப்படிக்குப் போனேன்,
வடக்கே ஏற்காட்டு மலை தெரிகிற படி அது,
வெளிச்சம் பொய் சொல்லாத இடம்.
வேர் பொருந்த வேண்டாம், நுனி பொருந்தினால் போதும்.
வெயிலில் என் முடி கறுப்பே இல்லை, டீத்தூள்.
அதுவும் டீத்தூள்தான்.
அப்போதுதான் பட்டையின் நடுவில் பார்த்தேன்,
சாயம் போட்டவன் கைக்குத் தப்பிய
ஒரே ஒரு நரை.

திருப்பி அனுப்ப ஏழு நாள் உண்டு.
என்ன குறை என்று கேட்பார்கள்.
எவளோ ஒருத்தி,
அவளுக்கும் முப்பத்தெட்டு இருக்குமோ என்னவோ,
கண்ணாடியில் இதைக் கண்டு
அன்றைக்குச் சமையலில் உப்பு மறந்திருப்பாள்.
பிடுங்கவில்லை.

தைராய்டு மாத்திரை தொடங்கிய வருஷம்
குளியலறைச் சல்லடையில்
தினம் ஒரு குருவிக்கூடு.
வெங்காயச் சாறு பூசி
தலையணை உறை நாறியதுதான் மிச்சம்;
வகிடு ஐந்து ரோடு மாதிரி
அகன்றுகொண்டே போனது.

காதிலிருந்து காதுக்குப் பின்தலையை நூலால் அளந்து
இரண்டு விரல் குறைத்துப் பட்டையை வெட்டினேன்.
மிஷின் தையலைக் குத்தினால் இழை உதிரும்,
சுற்றித்தான் கிளிப்பைத் தைக்க வேண்டும்.
நாளுக்கு நானூறு மணி கோக்கிற கைக்கு
இது ஒரு வேலையா?

வேலை அதற்குப் பிறகுதான்.
சீப்பு வாலால் குறுக்கே வகிடெடுத்து
மேல்முடியைத் தூக்கி உச்சியில் சொருகி
பிடரிக்கு இரண்டு விரல் மேலே
வேரை எதிர்ப்பக்கமாகச் சீவினேன்.
பிறந்ததிலிருந்து சிக்கெடுத்தவள்
இன்று சிக்கு போடுகிறேன்.
கிளிப் கடிக்க அதுதான் பிடி.

பின்னால் காட்டுவதற்கு எவர்சில்வர் தாம்பாளம்.
'அன்பளிப்பு கு. சின்னப்பையன்' என்று
வெட்டிய எழுத்துகள் கண்ணாடியில் இடவலம் மாற
மாமா பெயருக்கு நடுவில் என் பிடரி.
முதல் பட்டை கோணல்.
கழற்றினேன்.
மறுபடியும் கோணல்.
கை வலித்துத் தாம்பாளம் நழுவி
மூன்று வீட்டுக்குக் கேட்க உருண்டது.
"இப்ப என்னக்கா?"
பதில் சொல்லவில்லை.

காதோரம் மட்டும் விட்டுவிட்டேன்.
அங்கே இழுத்து மாட்டினால் இருக்கிறதும் போகும்.
மேல்முடியை அவிழ்த்து மூடி
இரண்டையும் சேர்த்துச் சீவினால்
எங்கே நான் முடிகிறேன் என்று தெரியவில்லை.

நான்கு மணிக்குத் தட்டுவடை செட் வாங்கப் போனேன்.
வண்டிக்கார லோகாம்பாள்
பீட்ரூட்டை அள்ளியபடி ஏற இறங்கப் பார்த்தாள்.
"என்ன விசேஷம்?"
"புதன்கிழமை" என்றேன்.
கொஞ்சம் யோசித்து
ஒரு முறுக்கை நொறுக்கி மேலே தூவினாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்ட் வந்துவிட்டது.
தெரு முழுக்க ஒரே நொடியில் மோட்டார்கள்.
"முடிய முடிஞ்சுக்கம்மா, மாட்டிக்கும்" என்று
முதலாளி என்னிடம் சொல்லி
மூன்று வருஷம் இருக்கும்.
யாரும் சொல்லவில்லை இப்போதும்.
தட்டை வண்டியில் வைத்துவிட்டு
கைகள் இரண்டும் தாமாக மேலே போய்
கொண்டை போட்டன.

இடது பக்கம் ஒரு கிளிப் குத்துகிறது.